பத்துக்குப் பத்து

காரை வாங்கியது ஜெசிந்தா. அவர்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒருவர் வாயிலிருந்தும் அது வராது. புதுக் காரை மந்திரிப்பதற்காகக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி முடித்துவிட்டு, சாவியை எடுத்து அலெக்ஸ் கையில்தான் கொடுத்தார். அவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. பக்கத்தில் மீசை வைத்த புருஷன் நிற்கும்போது சாவியைப் பெண்சாதி கையில் கொடுப்பது அவருக்கு என்ன, யாருக்குமே தோன்றாத விஷயம். அலெக்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். ஜெசிந்தா பின்சீட்டில் மாலையும் மெழுகுவர்த்தியுமாக உட்கார்ந்திருந்தாள். போட்டோவில் அவள் முகம் பாதிதான் விழுந்தது.

ஜெசிந்தா திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அவள் அம்மா லூர்துமேரி அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியும் நாற்று நட்டும் படிக்க வைத்த ஒரே மகள். அப்பா போன பிறகு லூர்துமேரியும் மகளோடு விழுப்புரத்துக்கே வந்துவிட்டாள். தினமும் பஸ்ஸில் திண்டிவனம் போய்த் திரும்பி, கண்டக்டரிடமும் கூட்டத்திடமும் இடி வாங்கி, அலுத்துப்போய்த்தான் ஜெசிந்தா கார் வாங்கினாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முறையாக ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

அலெக்ஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேன் ஓட்டினவன். வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் ஆள் ஏற்றிப்போய், முதுகு போய், இப்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பொண்டாட்டி ஓட்டிக்கொண்டு போக, தான் ஜெராக்ஸ் மிஷினோடு மாரடிப்பது அவனுக்கு எப்படி இருக்கும்? வெளியே சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போவான், அவ்வளவுதான்.

கார் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றிருந்தாள். பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்த கால் மெல்ல உள்ளே போயிற்று. சேற்று வயலில் கால் வைத்தால் புதையுமே, அப்படி. கார் தானாக ஊர்ந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் முன்னால் நின்ற வண்டி தப்பியது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பிரேக் கல்லு போல நிற்கிறது, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

மறுநாளே பைபாஸ் ரோட்டில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே வாடிக்கையாளர்களிடம் பேசி வண்டியை வாங்கி வைக்கும் வேலை தேவாவுக்கு. திருவாமாத்தூர்ப் பையன், இஸ்திரி போட்ட சட்டை, வாயைத் திறந்தால் தேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, பெடல் சூப்பரா கீது. பிரேக் லைன்ல லைட்டா ஏர் இருந்துச்சி, எடுத்து வுட்டுட்டோம். இனிமே பேஜாரே இல்ல."

"நெஜமாவே உள்ள போச்சிப்பா. நான் பொய்யா சொல்றேன்?"

"ஐயோ, அப்டி சொல்வனாக்கா? புதுசா ஓட்றவங்களுக்கு முதல்ல அப்டிதான் தோணும். போகப் போக செட் ஆயிடும்."

அவள் கிளம்பும்போது தேவா காரோடு வாசல்வரை நடந்து வந்தான். ஜன்னலுக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கம்பெனிலேர்ந்து உங்களுக்கு போன் வரும். சர்வீஸ் எப்டி இருந்துச்சி, பத்துக்கு எவ்ளோ குடுப்பீங்கன்னு கேப்பாங்க. கொஞ்சம் பத்துன்னு சொல்லிடுங்கக்கா. ஒம்பது சொன்னாக்கூட அவங்க கணக்குல நான் ஃபெயிலு. மேனேஜரு நிக்க வச்சி கேள்வி கேப்பாரு."

இந்த நாட்டில் கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கெஞ்சல் புதிதில்லை. ஜெசிந்தாவுக்குப் புதிது. வார்டில் மேலதிகாரி வருகிற நாளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நிலைமை அவளுக்குத் தெரியும். யாரோ எங்கேயோ உட்கார்ந்து போடுகிற மார்க்குக்காக ஒரு பையன் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று இரக்கப்பட்டாள். இரக்கப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் வேறு. போன் வந்தது. இந்தியில் தொடங்கித் தமிழுக்கு வந்த ஒரு பெண்குரல், பத்துக்கு எவ்வளவு மேடம் என்று கேட்டது.

"பத்து" என்றாள் ஜெசிந்தா.

பிரேக் மறுபடி உள்ளே போனது திண்டிவனம் மேம்பாலத்தின் சரிவில். இந்தமுறை வீட்டில் சொன்னாள். அலெக்ஸ் சாவியை வாங்கி, அவளையும் ஏற்றிக்கொண்டு போனான். விழுப்புரத்தை ஒரு வலம் வந்து, கீழ்ப்பெரும்பாக்கம் வரை போய்த் திரும்பி, காரைத் தெருவில் நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சொன்னான். தெருவுக்கும் கேட்க வேண்டுமல்லவா?

"பிரேக்கு பக்காவா பிடிக்குது. ஓட்றவங்க ஓட்டுனா எல்லாம் சரியா இருக்கும்."

ஜெசிந்தா பக்கத்து சீட்டில் இருந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவன் ஒரு தடவைகூடப் பெடலை ஒரே அழுத்தாக அழுத்தவில்லை. டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மிதித்தான். பிரேக் சரியில்லாத பழைய வேன்களோடு அல்லாடிப் பழகிய கால். அந்தப் பழக்கம் அவன் மறந்தாலும் கால் மறக்காது. அவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தது வேறு: மெதுவாக அழுத்து, அழுத்தியபடி பிடி.

"ஏங்க, நீங்க ரெண்டு வாட்டி தட்றீங்க. அதான் உங்களுக்குப் பிடிக்குது. நான் ஒரே மிதியா மிதிச்சிப் புடிக்கிறேன், அப்பதான் எறங்குது. நீங்களும் அப்டி ஒருவாட்டி மிதிச்சிப் பாருங்களேன்."

அலெக்ஸ் சிரித்தான். வெகு நாள் கழித்து அவன் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஜெசி, நான் உன்ன ஊசி எப்டி போட்றதுன்னு கேட்டனா? டிரைவருக்கும் நர்ஸுக்கும் வித்தியாசம் இருக்குதில்ல?"

காரின் நோய் என்ன, எப்போது வருகிறது, எதனால் மறைகிறது என்று மூன்றையும் ஜெசிந்தா சரியாகச் சொல்லிவிட்டாள். ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

சர்வீஸ் சென்டருக்கு அலெக்ஸையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அது இன்னும் மோசமாயிற்று. தேவா அவளை விட்டுவிட்டு "அண்ணா, அண்ணா" என்று அவனோடு ஒட்டிக்கொண்டான். இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய வேன் கதையெல்லாம் பேசினார்கள். ஜெசிந்தா பெடலைப் பற்றி ஏதாவது சொன்னால் தேவா அலெக்ஸ் முகத்தைப் பார்ப்பான். அலெக்ஸ் லேசாகத் தலையை ஆட்டுவான். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? பிரேக் ஆயிலை மாற்றி, வண்டியைக் கழுவி, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால், அந்நியன் கை பட்டால் வாரண்டி போய்விடும் என்று பயம் காட்டிவிட்டான் தேவா.

போன் வந்தது. அதற்கு முன்பே தேவாவின் போனும் வந்திருந்தது. அவன் பெண்சாதிக்கு இது ஏழாம் மாதமாம், திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத்தான் பிரசவத்துக்குக் கூட்டி வரப் போகிறானாம், அக்காவை நம்பித்தானாம். ஜெசிந்தா மறுபடி பத்துக்குப் பத்து கொடுத்தாள். பிரச்சினை முழுதாகத் தீர்ந்ததா என்று கேட்டதற்கு, "ரொம்ப திருப்திங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள். மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தது. பையனுடைய வேலையைக் காப்பாற்றினோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! தன் தலையில் விழப்போகிற கல்லுக்குத் தானே பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

காரை ஓட்டாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டது என்று அடித்துச் சொன்னார்கள், அவளும் நம்ப ஆசைப்பட்டாள். ஓட்டுவதை விட்டால் அலெக்ஸ் சொன்னது உண்மையாகிவிடும் என்ற வீம்பும் இருந்தது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நீ சொல்வது சரிதான் என்று சொல்லியிருந்தால் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பாள்.

அந்த ஒரு ஆள் கிடைத்தாள். கிடைத்த விதம்தான் சரியில்லை.

லூர்துமேரிக்குக் கண்ணில் புரை. திண்டிவனத்தில் காட்டிவிடலாம் என்று ஜெசிந்தா டியூட்டிக்குப் போகும்போது அம்மாவையும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். கூட்டேரிப்பட்டில், மயிலம் பக்கம் வண்டிகள் திரும்புகிற இடத்தில், மல்லாட்டை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று முன்னால் வேகம் குறைத்தது. ஜெசிந்தாவும் பிரேக்கை அழுத்தினாள். வண்டி மட்டுப்பட்டது, பிறகு பெடல் இறங்கத் தொடங்கியது. அடிவரை போய்த் தரையில் முட்டியது. ஹேண்ட் பிரேக் நினைவுக்கே வராமல் அவள் சீட்டிலிருந்து எழும்பி முழு உடம்பையும் அந்தக் காலில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, பாரும்மா, நிக்க மாட்டேங்குதும்மா!"

லூர்துமேரி குனிந்து மகளின் காலைப் பார்த்தாள். பெடல் தரையோடு கிடந்ததைப் பார்த்தாள். "யேசுவே" என்று கத்திக்கொண்டு வலது கையை முன்னால் ஊன்றினாள். கார் லாரியின் பின்பக்கத்தில் மோதியது. பெரிய வேகமில்லை. முன்பக்கம் நசுங்கி, மூட்டை ஒன்று கிழிந்து மல்லாட்டை பானெட்டெல்லாம் கொட்டியது. ரோட்டோரக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். லூர்துமேரியின் மணிக்கட்டு முறிந்து தொங்கியது. துப்பட்டாவால் அதைக் கட்டி, தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே அம்மாவை நோயாளியாகக் கொண்டுபோனாள் ஜெசிந்தா. கட்டுப் போடும்போது அவள் அழவில்லை. இனிமேல் யாரும் மறுக்க முடியாது என்ற நினைப்பு அவளை நிறுத்தி வைத்திருந்தது. அம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

காரை இழுத்துப்போய் சர்வீஸ் சென்டரில் போட்டார்கள். சில நாள் கழித்து மூன்று பேரும் போனார்கள். கட்டுப் போட்ட கையோடு லூர்துமேரியும் வந்தாள். மேனேஜர் வெங்கடாசலம் ஏ.சி. அறையில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். தேவா சுவரோரமாக நின்றான்.

"மேடம், வண்டில குறைன்னு நீங்க சொல்றீங்க. ஆனா ஒவ்வொரு சர்வீஸுக்கு அப்புறமும் நீங்க கம்பெனிக்கு இன்னா சொல்லியிருக்கீங்கன்னு கேளுங்க."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். ஜெசிந்தாவின் குரல் வந்தது. பத்து என்றது. மறுபடி பத்து என்றது. "ரொம்ப திருப்திங்க" என்று தெளிவாக, சிரிப்போடு சொன்னது. தன் குரல் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இந்தத் தம்பி கேட்டுக்கினான்னுதான் சொன்னேன்" என்று தேவாவைக் காட்டினாள்.

தேவா நிமிரவில்லை. "நான் ஒன்னும் அப்டி சொல்லலியே சார். மேடம் அவங்களா குடுத்ததுதான்."

அக்கா மேடமாகிவிட்டாள். இந்தப் பையனுக்காகத்தானே, என்று மறுபடி மறுபடி மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் அவளிடம் இன்னொரு சாட்சி இருந்தது.

"எங்கம்மா பக்கத்துலயே இருந்தாங்க. பெடல் தரையில முட்டுனதக் கண்ணால பாத்தாங்க. சொல்லும்மா."

எல்லோரும் லூர்துமேரியைப் பார்த்தார்கள். லூர்துமேரி மகளைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். அலெக்ஸ் டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

"எனுக்கு இன்னா தெரியும் சார்" என்றாள் லூர்துமேரி. "கண்ணு வேற தெரியல. இந்தப் பொண்ணு வேகமாதான் ஓட்டிக்கினு வந்துச்சி. நான் எதயும் பாக்கல."

வெங்கடாசலம் நிம்மதியாக மூச்சு விட்டார். கண்புரை, அதிர்ச்சி, வயது என்று ஜெசிந்தா தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். நோயாளிகளுக்கு இப்படி நினைவு தப்புவதை அவள் பார்த்திருக்கிறாள்.

முன்பக்கத்தைத் தட்டி, புதுசு மாட்டி, காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாவியை அலெக்ஸ் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கொடு என்று அவள் கேட்கவில்லை, தரமாட்டேன் என்று அவனும் சொல்லவில்லை. அவள் பழையபடி பஸ்ஸில் ஏறினாள். பெற்ற அம்மா கையையே உடைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், இனிமே காரெல்லாம் உனக்கெதுக்கும்மா என்று ஆளுக்கொரு புத்தி. அலெக்ஸ் கடைக்கு ஒரு ஆளை வைத்துவிட்டுக் காரில் ஊர் சுற்றினான். தட்டில் சோறு மிச்சமில்லாமல் சாப்பிட்டான்.

பிறகு ஒரு நாள் அவன் காலும் ஒரே அழுத்தாக அழுத்தியது. விழுப்புரம் ரயில்வே கேட்டில் வண்டிகளோடு வண்டியாக நின்று, யாரிடமோ போன் பேசிக்கொண்டு, மிதித்த பிரேக்கை அப்படியே பிடித்திருந்தான். ரயில் வரத் தாமதம். பேச்சு சுவாரசியம். பெடல் இறங்கியது அவனுக்குத் தெரியவே இல்லை. கார் ஊர்ந்துபோய் முன்னால் நின்ற ஸ்கூட்டரை இடித்து, அதில் இருந்தவரைக் கீழே தள்ளிய பிறகுதான் குனிந்து பார்த்தான்.

அவன் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனான். போய்க் கத்தினானாம். பத்து வருஷம் வேன் ஓட்டினவன், என்னிடமேவா என்று மேஜையைத் தட்டினானாம். வெங்கடாசலம் மறு பேச்சுப் பேசவில்லை. பெடலை மிதித்துப் பிடித்தபடியே வைத்துப் பார்த்தார்கள். இறங்கியது. பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, வாரண்டியிலேயே புதுசு போட்டு, அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டார்கள். தேவாவே ஓட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த அலெக்ஸைச் சுற்றித் தெருவே கூடியது. நல்ல வேளை, உன் கையில் இருக்கும்போது ஆச்சு, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார்கள். அவன் ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொன்னான். எல்லாம் சொல்லி முடித்து உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஜெசிந்தாவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்.

"பெடல் எறங்குதுன்னா எறங்குதுன்னு அழுத்தமா சொல்லத் தெரியாதா உனக்கு? அன்னிக்கே ஒழுங்கா சொல்லியிருந்தா அத்தை கை ஒடைஞ்சிருக்குமா?"

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று பார்த்தாள். இல்லை, மனதாரத்தான் கேட்டான். அவள் சொன்னது எதுவுமே அவன் காதில் தங்கியிருக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள்.

அங்கே லூர்துமேரி முக்காலியில் உட்கார்ந்து கையை நீவிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் எலும்பு கோணலாகக் கூடி, மணிக்கட்டு லேசாகத் திரும்பியே இருந்தது. ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தைலம் தடவினாள்.

"எல்லாத்தையும் கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"அன்னிக்கு நீ குனிஞ்சி பாத்த. எனக்குத் தெரியும். பெடல் தரையில கெடந்துச்சி. பாத்தியா, இல்லியா?"

வெளியே அலெக்ஸ் யாருக்கோ மறுபடியும் ரயில்வே கேட் கதையைச் சொல்வது கேட்டது.

"பாத்தேன்" என்றாள் லூர்துமேரி.

ஜெசிந்தாவின் விரல் நின்றது.

"அந்தக் காரு வந்த நாளா மாப்ள மூஞ்சி மூஞ்சியா இல்ல. சோறு துன்றதில்ல, உங்கூட பேச்சில்ல. அவரு ரெண்டு துணிய எடுத்துக்கினு அவுங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு என்கிட்ட சொன்னாரு, உனக்குத் தெரியுமா? உன் பக்கம் பேசியிருந்தா நீ அந்தக் காரைக் கடைசி வரைக்கும் வுட மாட்ட. கை போனாப் போவுது, குடும்பம் நிக்கட்டும்னு சொல்லிட்டேன். இப்ப பாரு, நிக்குதில்ல?"

சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்த்தாள். தப்பு செய்தவள் மாதிரி பார்க்கவில்லை. கடன் கொடுத்தவள் மாதிரி பார்த்தாள். ஜெசிந்தாவுக்கு அலெக்ஸ் மேலும் தேவா மேலும் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர்கள் அவளை நம்பாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். இவள் நம்பியிருக்கிறாள். நம்பிவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

லூர்துமேரி கையை லேசாக இழுத்தாள். "மெதுவா தடவும்மா, அந்த எடத்துல உயிர் போற மாதிரி வலிக்குது."

ஜெசிந்தா கையை விடவில்லை. வார்டில் எந்த நோயாளியின் கையையும் எவ்வளவு மெதுவாகப் பிடிப்பாளோ அவ்வளவு மெதுவாகத்தான் பிடித்திருந்தாள்.

"இனிமே எங்கிட்ட வலிக்குதுன்னு சொல்லாதம்மா" என்றாள். "நான் நம்ப மாட்டேன்."

லூர்துமேரி அதற்குப் பிறகு சொல்லவில்லை. கை வெகு நாள் வலித்தது. பாத்திரத்தைத் தூக்கும்போது அவள் பல்லைக் கடிப்பதை ஜெசிந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவாள்.